மூன்றாம் தண்ணீர்

உகாண்டாவுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டே ஆக வேண்டும் என்று தெரிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கையில போடுவாக?" என்பது. இரண்டாவது, "நானும் வரட்டா?" அது கேள்வியே இல்லை, வரப்போகிறேன் என்ற அறிவிப்பு.

எனக்கு அப்போது முப்பது முடிந்திருந்தது. செம்பூரில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சயானில் பஸ் ஏறும்போது ஆம்பளைகளே ஒதுங்கி வழிவிடுவார்கள், என் வாய் அப்படி. ஊசி விஷயத்தில் மட்டும் அம்மாவுக்கு நான் பால்வாடிப் பிள்ளைதான். "ஊசி குத்தையில கையப் பிடிக்க ஒரு ஆள் வேண்டாமாட்டி?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஊசி போடுகிற அன்று காலை எனக்கு முன்பே குளித்து, நல்ல சேலை கட்டி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

கல்யாணமாகி நான்காவது மாதமே அவர் கம்பாலாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். பிளாஸ்டிக் வாளி, குடம் செய்கிற ஆலையில் மோல்டிங் மெஷின் பார்க்கிறார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாங்கள் போனிலேயே குடும்பம் நடத்தினோம். நான் சாப்பிட உட்கார்ந்தால், "கேமராவக் கொஞ்சம் மீன் கொழம்புப் பக்கம் திருப்பு" என்பார். அவர் கேட்டது என் முகத்தையா குழம்பையா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும். கடைசியில் எனக்கும் சேர்த்து அங்கே தங்க அனுமதி வந்தது. அவருடைய கம்பெனியே டிக்கெட் போட்டு அனுப்பியது. ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அதற்குக் கொடுக்கிற மஞ்சள் அட்டை செல்லும் என்பது விதி. அதையும் பார்த்துத்தான் சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். தேதியை மாற்ற முடியாது. அனுமதியின் கெடுவும் அந்த வாரத்தோடு முடிந்தது.

அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அதிலிருந்து தாராவியில் அந்த ஒற்றை அறையில் அம்மாவும் நானும்தான். பக்கத்து வீடு முறுக்குப் பட்டறை. அதை நடத்துகிறவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், முறை வைத்து மாமா என்று கூப்பிடுவேன். அம்மா அங்கேதான் கைமுறுக்கு சுற்றுகிறாள். அவள் விரலில் எப்போதும் மாவு காய்ந்து ஒட்டியிருக்கும். என்னைப் படிக்க வைத்தது அந்த விரல்தான்.

நான் போய்விட்டால் அம்மா தனியாகத்தான் இருப்பாள். ஆனால் போகாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டு, அழுது, சமாதானமாகியிருக்கலாம். அவளோ ஊறுகாய் போட்டாள், பொடி இடித்தாள், கம்பாலாவில் கறிவேப்பிலை கிடைக்குமா என்று அவரிடம் போனில் விசாரித்தாள்.

ஊசி போடும் இடம் நகரத்தின் தெற்கே ஒரு பழைய அரசாங்கக் கட்டிடம். வரிசையில் பாதிப் பேர் கப்பலில் வேலைக்குப் போகிற பையன்கள். ஒரு குஜராத்தித் தம்பதி, காங்கோவுக்குப் போகிற ஒரு கன்னியாஸ்திரி, பிறகு நாங்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்குமாம். திறந்துவிட்டால் சீக்கிரம் போட்டு முடித்துவிட வேண்டுமாம். அதனால் ஆள் சேரும்வரை திறக்கமாட்டார்கள். நம்ம ஷேர் ஆட்டோ மாதிரிதான், ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும்.

டாக்டரம்மா முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று இந்தியில் கேட்டார். நான் வாய் திறக்கும் முன் அம்மா, "ரோஜ் காத்தா ஹை" என்றாள், தினமும் தின்பான் என்று. அம்மாவின் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் ஒன்றுதான். அடுத்து, கர்ப்பமாக இருக்கிறாயா என்று கேட்டார். "புருஷன் ரெண்டு வருஷமா ஆப்பிரிக்காவில இருக்கார் டாக்டர்" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டார். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

ஊசி ஒன்றும் வலிக்கவில்லை. அம்மாதான் என் இன்னொரு கையை நெரித்துவிட்டாள். அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்போது அம்மா டாக்டரம்மாவிடம் போய், அந்தக் குப்பிக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். அவரும் பொறுமையாகவே பதில் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னேன். படித்தவள் என்கிற மிதப்பில் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னேன்: "அந்தக் காய்ச்சலோட கிருமியத்தான் உயிரோட உள்ள விடுறாங்கம்மா. பலத்தை மட்டும் குறைச்சிருவாங்க. உடம்பு அதைப் பார்த்துப் பழகிக்கும். நாலஞ்சு நாள் கழிச்சு லேசாக் காய்ச்சல் வந்தாலும் வரலாம், பயப்பட ஒண்ணும் இல்லை."

ரயிலில் திரும்பும்போது அம்மா தாதர் வரை பேசவில்லை. மாட்டுங்கா வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப உசுரோடத்தான் உள்ள விட்டுருக்காக."

"ஆமா. ஆனா பலம் கிடையாது."

"பலம் உண்டுமா இல்லையான்னு அவளுக்குல்லா தெரியும்."

எவளுக்கு என்று கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குத்தானே, "வெத்தல பாக்கு வைக்காம கூப்பிட்டுருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் உடம்பில் அம்மை போட்டால் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள். அம்மன் வந்திருக்கிறாள் என்பார்கள். அவள் விருந்தாளி. வந்தவளை மனம் கோணாமல் கவனித்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தடவை தலைக்கு ஊற்றி, தயிர்ச்சோறும் பானகமும் வைத்து வழியனுப்ப வேண்டும். மூன்றாம் தண்ணீர் விழும்வரை வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது, வந்திருக்கிறவளை உடம்பில் வைத்துக்கொண்டு யாரும் ஊர்ப்பயணம் போகக் கூடாது. மஞ்சள் என்ற பெயரோடு ஒரு காய்ச்சல் இருந்தால் அது வேறு யாருடையதாக இருக்க முடியும் என்பது அம்மாவின் கணக்கு. கிருமிக்கு நான் கொடுத்த விளக்கம் அந்தக் கணக்கை அழகாக முடித்துக் கொடுத்துவிட்டது.

அப்போது நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து போனில் அவரிடமும் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பைக் காணோம். "அத்தை சொல்றதுல வெளையாடாத" என்றார். கம்பாலாவில் இருந்தாலும் அவரும் எங்கள் பக்கத்து ஆள்தானே.

விமானத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், சனிக்கிழமை சாயங்காலம், காய்ச்சல் வந்துவிட்டது.

டாக்டரம்மா சொன்ன மாதிரியே லேசான காய்ச்சல்தான், கூடவே உடம்புவலி. ஆனால் அது மே மாதம். எங்கள் வீட்டுக் கூரை தகரம். தாராவியில் அந்த மாதம் வேர்க்குரு இல்லாத கழுத்து கிடையாது. அம்மா என் கூந்தலை ஒதுக்கிவிட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் பிடரியைப் பார்த்தாள். முன்பக்கம் வந்து கழுத்துக்குக் கீழேயும் பார்த்தாள். பிறகு இரண்டடி தள்ளி நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பெற்ற தாய் நம்மைப் பார்த்துக் கும்பிட்டால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. "இது வேர்க்குரும்மா! உன் கழுத்துலயும்தான் இருக்கு, பாரு!" என்று கத்தினேன்.

"சத்தம் போடாத தாயே" என்றாள். என்னை ஏட்டி என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவள் அவள்.

மறுநாள் காலை மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கட்டு வேப்பிலை வாங்கி வந்தாள். ஒரு கொத்தை வாசல் நிலையில் செருகினாள். மீதியைப் பழைய வேட்டி ஒன்றில் பரப்பி என்னைப் படுக்க வைத்தாள். நுங்கும் இளநீரும் வந்தன. உப்புக் குறைத்த கஞ்சி வந்தது. சொறிந்துவிடக் கூடாது என்று வேப்பங்கொத்தால் முதுகில் மெதுவாக நீவிவிட்டாள். ஒன்று சொல்ல வேண்டும், அத்தனை கோபத்திலும் அது சுகமாக இருந்தது. வளர்ந்த பிறகு அம்மா என் முதுகைத் தொட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

அன்றைக்கே பக்கத்து வீட்டுக்கும் போனாள். அம்மன் இருக்கும் வீட்டுக்குள் எண்ணெய் காய்கிற வாசம் வரக் கூடாது. பக்கத்து வீடோ காலையிலிருந்து இருட்டும் வரை எண்ணெய் காய்கிற வீடு. என்ன சொன்னாளோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் மாமா தன் பெரிய அடுப்பையும் இரும்புச் சட்டியையும் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு சந்தின் அந்தக் கோடிக்குப் போனார். அங்கே தார்ப்பாய் கட்டி, மே மாத வெயிலில், பொதுக்குழாய் வரிசையின் ஓரமாக நின்று முறுக்குச் சுட்டார்.

அடுத்த நாள் டாக்டரிடம் போகிற வழியில் அவரிடம், "மாமா, இது வெறும் வேர்க்குரு" என்று சொன்னேன். சட்டையில்லாமல் வியர்த்துக்கொண்டு நின்றவர் கரண்டியை ஆட்டினார். "இருக்கட்டும்மா. வேர்க்குருன்னா ரெண்டு நாளு கூட வெயில்ல நின்னேன்னு போவுது. அவளா இருந்துட்டான்னா என்ன செய்ய?"

டாக்டர் சயான் பக்கத்தில் இருக்கிறார். அம்மா தடுத்தும் நான் கிளம்பிப் போயிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, ஊசிக் காய்ச்சலும் வேர்க்குருவும்தான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று மாத்திரை கொடுத்தார். அம்மை போட்டவர்களுக்கு மாத்திரை ஆகாது என்பது அம்மாவின் சட்டம். அன்று மதியம் உடம்பு நன்றாகச் சுட்டது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"நான் இந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கேன். நீ என்னமும் செய்."

மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மாத்திரை அட்டை கிழிகிற சத்தம் கேட்டதும், அம்மா சத்தமாக இருமினாள், அம்மன் காதில் விழக் கூடாது என்பதுபோல.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது. அம்மா காலண்டர் முன்னால் நின்று முதல் தண்ணீர் புதன், இரண்டாம் தண்ணீர் வெள்ளி, மூன்றாம் தண்ணீர் ஞாயிறு என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். என் விமானம் சனிக்கிழமை காலை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புதன்கிழமை முதல் தண்ணீர் ஊற்றினாள். காலையிலிருந்து வெயிலில் வைத்திருந்த தண்ணீர், வேப்பிலையும் மஞ்சளும் மிதக்க, வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டு மூலையில் குளிக்கிற இடமான மோரியில் என்னைக் குத்த வைத்து, செம்பு செம்பாக ஊற்றினாள். வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் தண்ணீரும் ஆயிற்று. என் பெட்டி கட்டி, பூட்டுப் போட்டு, கதவோரம் தயாராக நின்றது. தலை துவட்டிக்கொண்டே நான், "நாளைக்கு எத்தனை மணிக்கு டாக்ஸி சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

அம்மா செம்பைக் கவிழ்த்து வைத்தாள். "நாளைக்குப் போவக் கூடாது. ஞாயித்துக்கெழம கழிச்சுப் போ" என்றாள்.

அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு வாய்க்கு வந்துவிட்டது. டிக்கெட் மாறாது, கெடு முடிகிறது, அவர் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார், ஒரு வேர்க்குருவுக்காக என் வாழ்க்கையை நிறுத்துகிறாயா என்று கத்தினேன். கடைசியில், "நான் போறது உனக்குப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லு. சாமி பேரைச் சொல்லிப் பிடிச்சு வைக்காத" என்றும் சொன்னேன்.

அம்மா தரையில் உட்கார்ந்தாள்.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வயதில் இறந்துபோனான் என்பதும் தெரியும். அதற்குமேல் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அன்று அம்மா பேசினாள்.

"எங்கய்யா செத்துப் போனாகன்னு தந்தி வந்துச்சு. அப்ப ஒங்கண்ணனுக்கு மணல்வாரி அம்ம போட்டுருந்துச்சு. மொதத் தண்ணிகூட ஊத்தல. ஒங்கப்பா சொன்னாக, நீ போவாண்டாம், நான் மட்டும் போயிட்டு வாரேன்னு. நான்தான் கேக்கல. எங்கய்யா மொகத்தப் பாக்காம எப்படி இருக்கன்னு அழுதேன். துணியில சுத்தி, மடியில போட்டுக்கிட்டு ரயில் ஏறிட்டேன். குண்டக்கல் தாண்டையில கண்ணு சொருகிட்டு. எறங்கவும் பயம். எந்த ஊருன்னு எறங்க, என்ன பாச பேச? பக்கத்துல ஒரு அம்மா தண்ணி தொட்டுத் தொட்டு வச்சா. ஊருக்குக் கொண்டு போயி சேத்துட்டேன். எங்கய்யாவையும் எடுத்துட்டாக, பாக்க முடியல. மூணாம் நாளு பிள்ளையும் போயிட்டான்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒன்னயப் பிடிச்சு வைக்கல நான். மாப்பிள்ளட்டப் போவணும்னு நேந்துக்கிட்டதே நான்தான். எனக்கு அந்த மூணாந் தண்ணி விழாம நீ ஏறுனா, எறங்குத வரைக்கும் நெஞ்சு நிக்காதுட்டி."

அந்தப் பையனுக்கு என்ன வைத்தியம் தேவைப்பட்டது, ரயிலில் ஏறாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மை, கிருமி, வேர்க்குரு என்று நான் வைத்திருந்த பதில்கள் எல்லாம் அவள் முன்னால் செல்லாது என்று மட்டும் தெரிந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சரிம்மா. நான் போகலை" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். கம்பெனியிடம் கெஞ்சலாம், புதிதாக விண்ணப்பிக்கலாம், இன்னும் ஆறு மாதம் ஆகட்டும். அவருக்கும் செய்தி அனுப்பினேன். "அத்தை மனசு போல செய்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் போன் சும்மா இருந்தது.

அம்மா மதியம் சாப்பிடவில்லை. நான் பெட்டியின் பூட்டைத் திறந்து, ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து முகம் கழுவிக் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்ததும் ஊறுகாய் பாட்டிலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"நாளைக்குப் போ" என்றாள்.

"மூணாம் தண்ணி?"

"அத நான் ஊத்திக்கிடுதேன். அவகிட்டச் சொல்லிட்டு வந்துருக்கேன். பிள்ளய விட்டு எறங்கி எங்கிட்ட வந்துரு, ஒனக்குச் செய்ய வேண்டியத நான் கொறையில்லாமச் செய்தேன்னு."

இப்படி ஒரு ஏற்பாடு உண்டா என்று கேட்டேன். "உண்டு இல்லன்னு யாரு சொல்ல? பெத்தவ கேட்டா குடுக்காமலா போவா" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அம்மா, தலை வாரிவிடுகிறேன் உட்கார் என்றாள்.

சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, என் முடிக்குள் சிக்கியிருந்த வேப்பிலைத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்றுகூட என்னோடு வந்துவிடக் கூடாதாம். பெட்டியின் மடிப்புகளில் தேடினாள். துப்பட்டாவை உதறினாள். கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். மஞ்சள் அட்டை கீழே விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்தாள்.

காலையில் டாக்ஸி வந்தபோதுதான் அவள் மாற்றுச் சேலை கட்டவில்லை என்பதைக் கவனித்தேன். ஏர்போர்ட்டுக்கு அம்மா வருவாள் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். முறுக்குப் பட்டறை மாமாவும் அவர் மனைவி அத்தையும் அவளைத் திரும்பக் கூட்டிவருவதாகப் பேச்சு.

"நான் எப்படி வர? அவ எங்கிட்டல்லா இருக்கா. ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் வாசல் தாண்டக் கூடாது" என்றாள்.

அதை அவள் எப்போது யோசித்தாள் என்று தெரியவில்லை. கோயிலில் வேண்டிக்கொள்ளும்போதே தெரிந்திருக்கும். ஊசிக்குக் கூடவே வந்து கையைப் பிடித்தவள், விமானம் ஏற்றிவிட வரமாட்டாள். நான் நிலைப்படிக்கு வெளியே நின்றேன், அவள் உள்ளே நின்றாள். தொடலாமா என்று எனக்குப் புரியவில்லை. தொட்டால் அம்மன் மறுபடி என்னிடம் வந்துவிடுவாளோ என்று நானே ஒரு நொடி பயந்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை நம்பியவள்தான் நான்.

அம்மா கையை நீட்டி என் கன்னத்தைப் பிடித்தாள். விரலில் மாவு இல்லை, ஒரு வாரமாக அவள் வேலைக்குப் போகவில்லை. "அழாமப் போவணும். எறங்குனதும் போன் போடு" என்றாள். மாமாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை வந்தார். சந்து திரும்பும்போது பார்த்தேன். நிலைக்குள்ளேயே நின்று தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கே இறங்கியதும் சீருடை போட்ட ஒரு பெண் மஞ்சள் அட்டையை வாங்கினார். திறந்தார், பார்த்தார், கொடுத்துவிட்டார். ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை. வெளியே அவர் நின்றிருந்தார். போனில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "காய்ச்சல் சுத்தமா விட்டுருச்சா?" என்றுதான். நான் அவர் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வீடியோ கால் போட்டோம். ஈரத்தலையில் துண்டு சுற்றியிருந்தாள். நெற்றியில் மஞ்சள் திட்டாக இருந்தது.

"ஊத்தியாச்சாம்மா?"

"ஆச்சு. முறுக்குக்கார அத்தைதான் வந்து ஊத்துனா. நல்லாக் குளுகுளுன்னு இருந்துச்சு" என்றாள். அவரிடம், "கறிவேப்பிலை கெடச்சுதா மாப்பிள?" என்று கேட்டாள். தயிர்ச்சோறு பிசைந்தாளாம், பானகம் கரைத்தாளாம். சந்துக் கோடியில் இருக்கும் அடுப்பைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுவரலாமா என்று மாமா காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டாராம். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாளாம்.

அவள் பேசும்போது பின்னால் நிலை தெரிந்தது. வேப்பங்கொத்து வாடி, இன்னும் அங்கேயே தொங்கியது. மூன்றாம் தண்ணீர் விழுந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துவிட்டு அம்மனை வழியனுப்ப வேண்டும். தெரு முழுக்கப் போய்ச் சட்டம் பேசுகிறவள் அம்மா.

"கொத்த ஏம்மா இன்னும் எடுக்கலை? அனுப்பலையா?"

அம்மா திரும்பி நிலையைப் பார்த்தாள். திரும்பவும் போனைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஒருநா இருந்துட்டுப் போவட்டுமேன்னு பாக்கேன். நீயும் போயிட்டே. அவளும் போயிட்டான்னா வீடு வெறிச்சுன்னுல்லா கெடக்கும்" என்றாள்.